அணு ஆயுதக் கொள்கை யார் கையில்? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேர்தல் நெருங்கினால் பென்னாகரம் சந்தையிலும் ஊத்தங்கரை டீக்கடையிலும் அணுகுண்டு பேச்சு வந்துவிடுகிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள், ஓசூர் பட்டறைக்காரர்கள் வேறொன்று. பெரும்பாலும் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள், நம் ஓட்டுக்கு அதில் இடம் உண்டா?

அணு ஆயுதத்தைப் பயன்படுத்த உத்தரவிடுபவர் யார்? குடியரசுத் தலைவரா?

இல்லை. தேர்வில் அதிகம் பேர் தவறவிடும் கேள்வி இது. முப்படைகளின் தலைமை அரசியல் சட்டப்படி குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. ஆனால் அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். 2003 ஜனவரி 4-ம் தேதி பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அதன்படி அணு ஆயுதக் கட்டளை ஆணையம் என்ற அமைப்பில் இரண்டு குழுக்கள் உண்டு. அரசியல் குழுவுக்குப் பிரதமர் தலைவர். ஆயுதத்தைப் பயன்படுத்த அனுமதி தரும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு மட்டுமே. செயற்குழுவுக்குத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் தலைவர். தகவல் தருவதும், அரசியல் குழு இட்ட உத்தரவை நிறைவேற்றுவதும் அதன் வேலை. ஏவுகணைகளை நிர்வகிப்பது வியூகப் படைகள் கட்டளையகம். அது முடிவெடுக்கும் அமைப்பு அல்ல.

இந்த ஏற்பாடு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அமைச்சரவைக் குழு எடுத்த முடிவு இது. அதே குழு நாளைக்குக் கூடி இதை மாற்றினால் மக்களவையில் ஒரு கைகூட உயர வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அப்படியானால் நாடாளுமன்றம் இதில் ஒருபோதும் வாக்களித்ததே இல்லையா?

வாக்களித்திருக்கிறது, ஆனால் குண்டு வெடிக்கலாமா என்று கேட்டு முன்கூட்டி யாரும் அதனிடம் வரவில்லை.

1964 அக்டோபர் 16-ல் சீனா லோப் நோரில் முதல் அணுகுண்டை வெடித்தது. எட்டு நாள் கழித்து இந்திய அணுசக்தித் திட்டத்தின் தலைவர் ஹோமி பாபா அகில இந்திய வானொலியில் பேசினார். 10 கிலோ டன் குண்டு ஒன்றுக்கு 17.5 லட்சம் ரூபாய் ஆகும், 50 குண்டுகள் 10 கோடி ரூபாய்க்குள் முடியும் என்று கணக்குச் சொன்னார். உலை, புளுட்டோனியம் பிரிக்கும் ஆலை, விமானம், ஏவுகணை எதுவும் அந்தக் கணக்கில் சேரவில்லை. ஆனாலும் 'குண்டு மலிவு' என்ற எண்ணம் அன்றைக்கு ஊன்றப்பட்டுவிட்டது. நவம்பரில் ஜனசங்கம் அணு ஆயுதம் செய்யக் கோரி மக்களவையில் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி குண்டு வேண்டாம் என்றே வெளியில் வாதிட்டார். அதே நேரத்தில், அமைதிப் பயன்பாட்டுக்கான நிலத்தடி வெடிப்பு ஆய்வுக்கு பாபாவுக்கு வழியும் விட்டார். கட்சிக்குள் எழுந்த அழுத்தத்தைத் தணிக்க எடுத்த நடுவழி அது. 1974 மே 18-ல் ராஜஸ்தானின் பொக்ரானில் நடந்த இந்தியாவின் முதல் அணு வெடிப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1974-லும் 1998-லும் வெடித்த பிறகே அவைக்குத் தெரிந்தது. அணு விவகாரத்தால் ஓர் அரசு பிழைக்குமா என்றே வாக்கெடுப்பு நடந்தது 2008-ல். அதைக் கீழே பார்க்கலாம்.

1998 சோதனையின்போது நம் தொகுதி எம்.பி.க்கள் எந்தப் பக்கம் இருந்தார்கள்?

அரசின் பக்கம். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டமாகவில்லை (அது 2004-ல்), ஆனால் மக்களவைத் தொகுதிகள் இரண்டு. 1998 தேர்தலில் தருமபுரியில் பா.ம.க., கிருஷ்ணகிரியில் அ.தி.மு.க. வென்றன. இரண்டும் வாஜ்பாய் கூட்டணியில் இருந்தன. பா.ஜ.க.வுக்குச் சொந்தமாக 182 இடங்களே இருந்தன. மார்ச் 28-ல் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 274-க்கு 261 என்று தப்பியது. அ.தி.மு.க.வின் 18 பேர் இல்லாவிட்டால் அந்த அரசே கிடையாது. கிருஷ்ணகிரி மண்ணைச் சேர்ந்த மு. தம்பிதுரை அந்த அமைச்சரவையில் சட்ட அமைச்சர்.

இவ்வளவு மெல்லிய பெரும்பான்மையில் நின்ற அரசு, பதவியேற்று இரண்டு மாதம் முடிவதற்குள் மே 11-ல் மூன்று, மே 13-ல் இரண்டு என ஐந்து வெடிப்புகளை நடத்தியது. அணு ஆயுதத்தைப் படையில் சேர்க்கும் வழியைக் கையாள்வோம் என்று பா.ஜ.க. தேர்தல் அறிக்கையில் எழுதியிருந்தது உண்மை. ஆனால் நாள் குறித்தது பிரதமரும் அவரைச் சுற்றியிருந்த சிலரும்தான். அமைச்சர்களில் பெரும்பாலோருக்கு முன்கூட்டித் தெரியாது. கூட்டணிக் கட்சிகளைக் கேட்கவும் இல்லை. அரசைத் தாங்கிப் பிடித்த தூண்களுக்கே கூரையில் என்ன நடக்கிறது என்று தெரியாத நிலை.

இது பா.ஜ.க. மட்டும் செய்த வேலை என்று நினைத்துவிடக் கூடாது. 1974-ல் இந்திரா காந்தி செய்ததும் இதே முறையில்தான். 1995 டிசம்பரில் நரசிம்ம ராவ் அரசு பொக்ரானில் ஏற்பாடு செய்தது. அமெரிக்கச் செயற்கைக்கோள் கண்டுபிடித்துச் செய்தி வெளியானதும் அது நின்றுபோனது. ஆட்சி மாறினாலும் முறை மாறவில்லை.

குண்டு வெடித்தால் ஓட்டு விழுமா?

அப்படிப் பலர் நம்புகிறார்கள். கணக்கைப் பார்த்தால் அவ்வளவு எளிதல்ல.

1974 மே மாதம் நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. விலைவாசி ஏறிக்கிடந்தது. வெடிப்பு சில வாரங்களுக்கு இந்திரா காந்திக்குப் புகழ் சேர்த்தது. அடுத்த ஆண்டு நெருக்கடி நிலை, 1977-ல் தோல்வி.

1998 இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. மே மாதம் தெருவில் இனிப்பு கொடுத்தார்கள். நவம்பரில் வெங்காய விலை எகிறியது. டெல்லி கையைவிட்டுப் போனது. பொக்ரான் இருக்கும் ராஜஸ்தானிலேயே 200 இடங்களில் 153 காங்கிரசுக்குப் போயின. ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் தக்காளி விலையோடு வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1999 ஏப்ரல் 17-ல் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்ட பின் நடந்த வாக்கெடுப்பில் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் விழுந்தது. குண்டு போட்ட புகழ் அந்த ஓர் ஓட்டைக்கூட வாங்கித் தரவில்லை. கார்கில் போருக்குப் பிறகு நடந்த தேர்தலிலும் பா.ஜ.க. பெற்றது அதே 182 தான். ஆட்சி நிலைத்ததற்குக் காரணம் கூட்டணிக் கட்டுமானம்.

'முந்திப் பயன்படுத்த மாட்டோம்' என்ற கொள்கை சரியாக என்ன சொல்கிறது?

இந்தியா மீதோ, எங்கிருந்தாலும் இந்தியப் படைகள் மீதோ அணு ஆயுதத் தாக்குதல் நடந்தால் மட்டுமே பதிலுக்குப் பயன்படுத்துவோம். அந்தப் பதிலடி மிகப் பெரியதாக, தாங்க முடியாத சேதம் தருவதாக இருக்கும். அணு ஆயுதம் இல்லாத நாடுகள் மீது பயன்படுத்த மாட்டோம். 2003 அறிவிப்பின் சாரம் இதுதான்.

தேர்வு வழிகாட்டிகள் விட்டுவிடுகிற விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. உயிரி ஆயுதமோ ரசாயன ஆயுதமோ கொண்டு பெருந்தாக்குதல் நடந்தால் அணு ஆயுதத்தால் பதிலடி தரும் உரிமையை இந்தியா வைத்துக்கொள்கிறது. ஆகவே 'எந்த நிலையிலும் முதலில் இல்லை' என்று விடை எழுதினால் தவறு. 1999 ஆகஸ்ட் 17-ல் வெளியான வரைவில் இந்த வாசகம் கிடையாது. அந்த வரைவு, திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையிலான தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு எழுதியது. ஒரு ஓட்டில் விழுந்து, தேர்தலுக்குக் காத்திருந்த காபந்து அரசு அதை வெளியிட்டது. இப்படிப்பட்ட ஆவணத்தை வெளியிட அது தகுந்த நேரம் அல்ல என்பதே எங்கள் கருத்து.

அந்தக் கொள்கை இன்னும் இருக்கிறதா, மாறிவிட்டதா?

மாறியதாக எந்த அறிவிப்பும் வந்ததில்லை. பேச்சு மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2014 தேர்தல் அறிக்கையில் பா.ஜ.க., அணு ஆயுதக் கொள்கையை ஆராய்ந்து திருத்துவோம் என்று எழுதியது. கேள்விகள் எழுந்தபோது, முந்திப் பயன்படுத்தாமை தொடரும் என்று நரேந்திர மோடி சொன்னார். 2016 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர், ஏன் நம்மைக் கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். அது அவர் சொந்தக் கருத்து என்று விளக்கம் வந்தது. 2019 ஆகஸ்ட் 16-ல் ராஜ்நாத் சிங் பொக்ரானிலேயே நின்று, இன்றுவரை இதுதான் கொள்கை, நாளை என்ன என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். 2025 மே 12-ல் பிரதமர் ஆற்றிய உரையில் 'அணு ஆயுத மிரட்டலை' இந்தியா பொறுத்துக்கொள்ளாது என்று சொன்னதும் கொள்கை மாற்றம் அல்ல. பாகிஸ்தானுக்கும் உள்நாட்டுக்கும் சேர்த்துச் சொன்ன செய்தி.

எழுத்தில் உள்ளதையும் மேடையில் சொன்னதையும் பிரித்துப் படிக்கும் பழக்கம் இந்த விஷயத்தில் மிக முக்கியம். மேடையில் சொல்வது உள்ளூர் கைதட்டலுக்கு. ஆனால் இஸ்லாமாபாத்திலும் பெய்ஜிங்கிலும் அதைக் கொள்கையாக எடுத்துப் படிக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆபத்து அங்கேதான்.

2008-ல் என்ன வாக்கெடுப்பு?

அமெரிக்காவோடு செய்த அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து ஜூலை 8-ல் இடதுசாரிகள் மன்மோகன் சிங் அரசுக்கு ஆதரவை விலக்கினார்கள். ஜூலை 22-ல் அரசு 275-க்கு 256 என்று வென்றது. அப்போது தருமபுரி பா.ம.க.விடமும் கிருஷ்ணகிரி தி.மு.க.விடமும் இருந்தன, இரண்டும் ஆளும் அணி. 2004-ல் ஒரே மேடையில் ஓட்டுக் கேட்டு 39 இடங்களையும் வென்ற தமிழகக் கூட்டணியில் இரு கம்யூனிஸ்ட் கட்சிகளின் நான்கு பேரும் இருந்தார்கள். அவர்கள் அன்று எதிர்வரிசைக்குப் போனார்கள்.

சட்டப்படி அந்த உடன்பாட்டுக்கு அவையின் ஒப்புதல் தேவையில்லை. நம் அரசியல் சட்டத்தில் வெளிநாட்டு ஒப்பந்தம் செய்வது மத்திய நிர்வாகத்தின் அதிகாரம். வாக்கெடுப்பு நடந்தது அரசு பிழைக்குமா என்று பார்க்கத்தான். ஆனாலும் ஒரு நல்லது நடந்தது: எந்த உலை ராணுவப் பக்கம், எது சிவில் பக்கம் என்ற பிரிவினை முதல்முறையாகப் பொதுவெளியில் விவாதிக்கப்பட்டது.

கல்பாக்கம், கூடங்குளம் எந்தப் பக்கம்?

கூடங்குளம் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் இருக்கிறது. கல்பாக்கத்தின் இரண்டு கனநீர் உலைகளும், அங்கே உள்ள 500 மெகாவாட் வேக ஈனுலையும் அந்தக் கண்காணிப்புக்கு வெளியே வைக்கப்பட்டன. வெளியே இருப்பதாலேயே அங்கே குண்டு செய்கிறார்கள் என்று பொருள் அல்ல; செய்யக்கூடிய வாய்ப்பை அரசு விட்டுக்கொடுக்கவில்லை என்று பொருள்.

இந்தியாவிடம் எத்தனை குண்டுகள்?

அரசு எண்ணிக்கை சொல்வதில்லை. ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனத்தின் 2025 ஜனவரி மதிப்பீடு: இந்தியா 180, பாகிஸ்தான் 170, சீனா 600. மேடையில் யாராவது துல்லியமான எண் சொன்னால் அது மதிப்பீடு என்று புரிந்துகொள்ளுங்கள்.

செய்த குண்டைக் கைவிட்ட நாடு ஏதாவது உண்டா?

தென்னாப்பிரிக்கா. ஆறு குண்டுகள் முழுமையாகச் செய்து, பிறகு பிரித்துப் போட்டது. 1993 மார்ச் 24-ல் அதிபர் டி கிளார்க் நாடாளுமன்றத்தில் அறிவித்தபோதுதான் அந்த நாட்டு மக்களுக்கே குண்டு இருந்தது தெரிந்தது. அங்கோலாவிலிருந்து கியூபப் படைகள் வெளியேறியதும் வெளி அச்சம் குறைந்தது. உள்ளே நிறவெறி ஆட்சி முடியப்போகிறது. குண்டு அடுத்த அரசின் கைக்குப் போகக் கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்தது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. செய்ததும் ரகசியம், கைவிட்டதும் ரகசியம். நடுத்தர வல்லமை உள்ள நாடுகளில் அணு ஆயுத முடிவு உள்ளூர் அரசியலோடு எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்று படிக்க விரும்புபவர் முதலில் இதைப் படிக்கலாம்.

ராஜாஜிக்கும் அணு ஆயுதத்துக்கும் என்ன தொடர்பு?

ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ல் பிறந்தவர், அணுசோதனைக்கு எதிராக உலக மேடையில் வாதாடிய முதல் இந்தியத் தலைவர்களில் ஒருவர். 1954-ல் 'நியூயார்க் டைம்ஸ்' இதழுக்கு எழுதிய கடிதத்தில், அமெரிக்கா தானாக முன்வந்து ஒருதலையாக அணு ஆயுதத்தைக் கைவிட வேண்டும் என்றார். 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் போய் அதிபர் கென்னடியைச் சந்தித்துச் சோதனைகளை நிறுத்தக் கேட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதற்கு அவர் பயணமே காரணம் என்று சொன்னால் மிகை. ஆனால் அப்போது அவர் நேருவின் கடும் எதிரி, சுதந்திரா கட்சியின் தலைவர் என்பதைக் கவனியுங்கள். ஆளுங்கட்சியோடு எல்லாவற்றிலும் மோதியவர், இந்த ஒன்றில் கட்சி பார்க்கவில்லை. தொரப்பள்ளி நினைவில்லத்துக்குப் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

ஓசூரில் பட்டறை வைத்திருக்கிறோம். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஓசூரும் இருக்கிறது. அணு ஆயுதச் சட்டம் எங்களைத் தொடுமா?

வழித்தடம் வழக்கமான ஆயுதம், விமானப் பாகங்களுக்கானது. அணு ஆயுதம் அணுசக்தித் துறைக்குள்ளும், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வுக்குள்ளும் நடக்கிற வேலை. ஆனால் ஏற்றுமதி செய்தால் சட்டம் உங்களைத் தொடும். 2004-ல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1540-ம் தீர்மானத்தை நிறைவேற்றிய பின், இந்தியா 2005-ல் பேரழிவு ஆயுதங்கள் சட்டம் கொண்டுவந்தது. சாதாரணத் தொழிலுக்கும் ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய இருவழிப் பயன்பாட்டுப் பொருள்கள் 'ஸ்கோமெட்' என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன.

ஆர்டர் வந்ததும் விலை பேசும் முன்பே பட்டியலைப் பாருங்கள். மாரேஜிங் எஃகு, கார்பன் ஃபைபர், ஃப்ளோ ஃபார்மிங் இயந்திரம், பல அச்சு சி.என்.சி. இயந்திரம், சில வகை வால்வுகள், வேக்குவம் பம்புகள் ஆகியவற்றுக்குத் தரம், அளவு வரம்புகள் உண்டு. வரம்புக்குள் வந்தால் டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம்) இணையதளத்தில் உரிமம் கேட்க வேண்டும். பட்டியலில் அணுசக்தி சார்ந்த சுழியம் வகையில் (கேட்டகரி 0) வரும் பொருளுக்கு அணுசக்தித் துறையே உரிமம் தரும். விண்ணப்பத்தோடு, பொருளைக் கடைசியாகப் பயன்படுத்துபவரின் சான்றிதழ் வேண்டும்.

தவறு நடப்பது மூன்று இடங்களில். துபாயில் இருக்கும் இடைத்தரகரைக் கடைசிப் பயனாளி என்று எழுதிவிடுவார்கள். விண்ணப்பம் அங்கேயே நிற்கும். பொருளுக்கு உரிமம் வாங்கிவிட்டு வரைபடத்தை மின்னஞ்சலில் முன்கூட்டி அனுப்பிவிடுவார்கள். தொழில்நுட்பம் அனுப்புவதும் ஏற்றுமதிதான். மூன்றாவது, பட்டியலில் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுவது. பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தால் பட்டியலில் இல்லாத சாதாரண போல்ட்டையும் அனுப்பக் கூடாது. வாங்குபவர் பயன்பாட்டைச் சொல்ல மறுத்தாலோ, சந்தை விலைக்கு மேல் ரொக்கம் தருவதாகச் சொன்னாலோ ஆர்டரை விட்டுவிடுங்கள்.

போர்ப் பதற்றம் வந்தால் 'கதிர்வீச்சு கசிந்துவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நம்பலாமா?

2025 மே மாதம் பாகிஸ்தானின் கிரானா மலைப் பகுதி பற்றி அப்படித்தான் பரவியது. இந்திய விமானப்படை அங்கே தாக்கவில்லை என்றது. சர்வதேச அணுசக்தி முகமை, பாகிஸ்தானின் எந்த அணு நிலையத்திலும் கசிவு இல்லை என்றது. அந்த முகமை என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் பகிருங்கள்.

வதந்தியைவிட உண்மையான விபத்துதான் எங்களுக்குக் கவலை. 2022 மார்ச் 9-ல் வெடிபொருள் இல்லாத பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. இந்தியா ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. விசாரணையில் நடைமுறை மீறல் என்று தெரிந்து மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். இரு நாட்டுக்கும் நடுவே 2005-ல் ஏவுகணைச் சோதனை முன்னறிவிப்பு உடன்பாடு உண்டு. ஆனால் அது மேலே எழும்பி வளைந்து விழும் பாலிஸ்டிக் வகைக்கு மட்டும். பிரம்மோஸ், விமானம் போலப் பறந்து செல்லும் குரூஸ் வகை. அந்த ஓட்டையை அடைப்பது பற்றி நம் எம்.பி.க்கள் கேட்டால் நாட்டுக்கு நல்லது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஏற்பாடும் ஒன்று உண்டு: ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக் கூடாது என்ற 1988 உடன்பாட்டின்படி, 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1-ல் இரு நாடும் நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. எல்லையில் சண்டை நடந்த ஆண்டுகளிலும் இது நிற்கவில்லை.

சாதாரணக் குடிமகன் எங்கே, எப்படிக் கேட்பது?

இரண்டு வழி. ஒன்று ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளுக்குள். தமிழிலேயே எழுதலாம், சட்டம் அனுமதிக்கிறது. கலெக்டர் ஆபீசில் கொடுத்து நாளை வீணாக்காமல் நேரே அணுசக்தித் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். டி.ஆர்.டி.ஓ. இந்தச் சட்டத்திலிருந்து பெருமளவு விலக்கு பெற்ற அமைப்பு. குண்டு எத்தனை, எங்கே என்று கேட்டால் நாட்டின் பாதுகாப்பைச் சொல்லும் 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். 'ஏன் செய்தீர்கள்' என்று கேட்டாலும் பதில் வராது, ஏனென்றால் அது ஆவணம் அல்ல. கையில் இருக்கும் ஆவணத்தின் நகலைக் கேட்க வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கியே வைத்துக்கொள்ளுங்கள்: அணு நிலையங்களின் பாதுகாப்புக் குறைகள் பற்றிய அறிக்கையையே மறைத்து வைக்க அரசுக்கு உரிமை உண்டு என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இன்னொரு வழி உங்கள் எம்.பி. கேள்வி நேரத்துக்கு முழுதாக 15 நாள் முன்பு நோட்டீஸ் தர வேண்டும். கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். அவையில் வாய்மொழியாகப் பதில் வரும் நட்சத்திரக் கேள்வி நாளொன்றுக்கு 20 மட்டும், குலுக்கலில் வர வேண்டும். ஆகவே எழுத்து மூலம் பதில் வரும் நட்சத்திரமில்லாக் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். அணுசக்தித் துறை பிரதமரின் கீழ் இருப்பதால் பதில் பிரதமர் பெயரிலோ அவருடைய இணையமைச்சர் பெயரிலோ வரும்.

கூட்டத் தொடர் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே எம்.பி. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கேள்வியின் வாசகம் இப்படி இருக்கலாம்: '2003 ஜனவரி 4 அறிவிப்புக்குப் பின் அணு ஆயுதக் கொள்கை மறுஆய்வு செய்யப்பட்டதா, ஆம் எனில் எந்த ஆண்டுகளில், குரூஸ் ஏவுகணைச் சோதனைகளையும் 2005 உடன்பாட்டில் சேர்க்க அரசு எடுத்த நடவடிக்கை என்ன?' இதில் ரகசியம் என்று தள்ளிவிட எதுவும் இல்லை. பதில் 'ஆம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் அது அவைக் குறிப்பில் ஏறிவிடும்.